குரலைக் கொஞ்சம் இறக்கு

அவரை எல்லோரும் இடி என்றுதான் கூப்பிடுவார்கள். இருபது வயதில் ஒரு கல்லூரி மைதானத்தில் மைக் வேலை செய்யாமல் போனபோது, அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வெறும் தொண்டையிலேயே கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி பாடியதில் ஒட்டிக்கொண்ட பெயர். இப்போது வயது அறுபத்தாறு. முடி இன்னமும் தோள்வரை தொங்குகிறது. முன்பக்கம் மட்டும் காலி மனை மாதிரி பளபளக்கிறது. மின்சார கிட்டாரைக் கழுத்தில் மாட்டினால்தான் தன் முதுகு நேராக நிற்கும் என்று சொல்லிக்கொள்கிற ராக் பாடகர். ஆனால் கடைசி ஆல்பம் வந்து பல வருடம் ஆகிவிட்டது. பழைய பாட்டுகளையே ஊர் ஊராகப் பாடி ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் காலை மனைவியின் மூக்குக்கண்ணாடிக் கடைக்குள் நுழைந்து, "புது ஆல்பம் பண்ணப் போறேன்," என்று அறிவித்தார்.

மனைவி ஒரு பெரியவருக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தார். லென்ஸை மாற்றிப் போட்டு, "இதுல எழுத்து தெளிவா இருக்கா, முன்னாடி போட்டதுல இருந்துச்சா?" என்று அவரைக் கேட்டுவிட்டு, திரும்பாமலேயே, "ட்ரம்ஸ் யாரு?" என்றார் கணவரிடம்.

கேட்கக் கூடாத கேள்வி. ஏனென்றால் இடியின் பழைய குழுவில் ட்ரம்ஸ் வாசித்தவர் மனைவியின் தம்பி. மச்சான் ஆவதற்கு முன்பே நண்பர். அவர் வீட்டு மாடியில் ஒத்திகை பார்க்கப் போன இடத்தில்தான் இடி அவருடைய அக்காவைப் பார்த்ததும் மற்றதும். இடிக்கு மேடையில் ஒரு பழக்கம் இருந்தது. பாடும்போது சட்டென்று திரும்பி, மச்சானைப் பார்த்து உள்ளங்கையைக் காட்டுவார். மேலே தூக்கினால் வேகம் போதாது, கீழே அழுத்தினால் சத்தம் குறை. ஆயிரம் பேர் முன்னால் போக்குவரத்து போலீஸ்காரர் மாதிரி. வருடக்கணக்காகப் பொறுத்துக்கொண்ட மச்சான், ஒருநாள் பாட்டின் நடுவிலேயே குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு இறங்கிப் போய், வாசலில் இருந்த கேண்டீனில் உட்கார்ந்து சாப்பிட்டார். அதோடு குழு கலைந்தது.

உறவு கலையவில்லை. அக்கா இருக்கும்போது அது எப்படிக் கலையும்? வீட்டு விசேஷங்களில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வெயில், பல்வலி, பெட்ரோல் விலை என்று எல்லாம் பேசுவார்கள். பாட்டு என்ற சொல் மட்டும் வாயில் வராது.

"யாராவது சின்னப் பசங்களப் பாத்துக்கலாம்," என்றார் இடி.

"பாருங்க," என்றார் மனைவி.

பார்த்தார். இரண்டு பேரை வரவழைத்து வாசிக்கச் சொன்னார். இருவரும் ஒரு பிசிறு இல்லாமல் வாசித்தார்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே புலம்ப ஆரம்பித்தார்.

"கடிகாரம் மாதிரி வாசிக்கிறானுங்க. கடிகாரத்துக்கு யாராவது ஆடுவாங்களா?"

"அப்ப என் தம்பியக் கூப்பிடுங்க."

"நீ ஒரு வார்த்தை சொல்லேன்."

"நான் சொல்ல மாட்டேன். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல தந்தி அடிக்கிற வேலையெல்லாம் எனக்கு வேண்டாம். வேணும்னா நேர்ல போய்க் கேளுங்க."

மச்சான் ஒரு டிரைவிங் ஸ்கூல் நடத்திக்கொண்டிருந்தார். நாள் முழுக்கப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கிற உபரி பிரேக்கை மிதிக்கிற வேலை. இடி அங்கே போய் நின்றபோது, மச்சான் கார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வண்டி ஓட்டக் கத்துக்கணும்," என்றார் இடி. வந்த விஷயத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் வாயில் வந்ததைச் சொன்னார்.

மச்சான் மேலும் கீழும் பார்த்தார். "இந்த வயசுலயா?"

"ஏன், வயசு வரம்பு இருக்கா?"

"வயசுக்கு இல்ல. கத்துக்கொடுக்கிறவன் பொறுமைக்கு வரம்பு இருக்கு. ஏறு."

வாழ்நாள் முழுக்க யாரோ ஓட்டிய வேனின் பின்சீட்டில் தூங்கியே பழகியவர் இடி. கார் இரண்டு முறை துள்ளி நின்றது. மூன்றாம் முறை நகர்ந்தது.

"கிளட்ச்ச மெதுவா விடு மச்சான். கோபத்துல கதவ சாத்துற மாதிரி விடாதே."

"ஒரு ஆல்பம் பண்றேன்," என்றார் இடி.

"இண்டிகேட்டர் போடு."

"ட்ரம்ஸுக்கு ரெண்டு பேர வச்சுப் பாத்தேன். ஒட்டல."

"என்னைப் பாக்காதே. ரோட்டப் பாரு."

"நீ வந்து வாசிக்கணும்."

மச்சான் தன் பக்கத்து பிரேக்கை மிதித்தார். கார் நடுரோட்டில் நின்றது. பின்னாலிருந்து ஹாரன்கள் விதவிதமான சுருதியில் எழுந்தன.

"இதக் கேக்கத்தான் வந்தியா?"

"ஆமா."

"போன்ல கேட்டிருக்கலாமே?"

"போன்ல கேட்டா வச்சிடுவே. கார்ல இருந்து எங்க போவே?"

மச்சானுக்குச் சிரிப்பு வந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் பக்கவாட்டில் திரும்பி ஜன்னல் வழியாகப் பார்த்தார். பிறகு, "கையக் காட்டுவியா?" என்றார்.

"காட்ட மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"சரி, முதல்ல வண்டிய ஓரங்கட்டு. பின்னாடி நிக்கிறவன் இறங்கி வந்து நம்ம ரெண்டு பேரையும் போட்டுச் சாத்திடுவான்."

ஸ்டூடியோ ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது. சுவரெல்லாம் பஞ்சு வைத்து அடைத்திருந்தாலும், கீழே யாராவது லாரிச் சக்கரத்தைக் கழற்றினால் தரை லேசாக அதிரும். அந்த நேரத்தில் எல்லோரும் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒலிப்பதிவாளர் ஒரு பெண். நாற்பதை நெருங்குகிறவர், தலையில் எப்போதும் ஹெட்ஃபோன், ஒரு காதில் மட்டும் ஒழுங்காக உட்கார்ந்திருக்கும். இன்னொரு காது வீட்டிலிருந்து வரும் போனுக்காக.

பேஸ் கிட்டாருக்கு மௌனி வந்தார். பழைய குழுவின் மூன்றாவது ஆள். பேசுவதற்குத் தனியாக வரி போட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறவர் மாதிரி இருப்பார். வந்தார், கிட்டாரைச் சுருதி சேர்த்தார், உட்கார்ந்தார். மச்சான் ஒரு பழைய போர்வையில் சுற்றித் தன்னுடைய சின்ன ட்ரம்மை மட்டும் கொண்டுவந்திருந்தார். இத்தனை வருடமும் அதற்குப் புதுத் தோல் மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார் என்பது அதைப் பிரித்தபோதுதான் தெரிந்தது. இடி அதைப் பார்த்தார். 

முதல் நாளே சிக்கல். பாட்டின் உச்சத்தில் இடியின் குரல் ஏறுகிற ஏணியில் ஒரு படி காணாமல் போன மாதிரி தடுக்கி விழுந்தது. மறுபடி பாடினார். மறுபடி விழுந்தது. எட்டிப் பார்க்க வந்திருந்த, ஆல்பத்தை வெளியிடும் கம்பெனிக்காரர், "விடுங்க சார், அதெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திக்கலாம்," என்றார்.

"என் தொண்டையில வராதது என் பாட்டுல வரக் கூடாது," என்றார் இடி. கம்பெனிக்காரர் அவசர வேலை ஒன்றை நினைவுபடுத்திக்கொண்டு கிளம்பிப் போனார்.

ஒலிப்பதிவாளர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "சார், சுருதிய இறக்கிப் பாடிப் பாப்போமா?" என்றார்.

"இறக்குறதா? நான் என்ன கொடியா?"

ஆனாலும் பாடிப் பார்த்தார். கீழே இறக்கியதும் குரலில் கரகரப்பாக வேறு ஏதோ ஒன்று வந்தது. இளமையில் அவரிடம் இல்லாதது. அது நன்றாக இருப்பதாக யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை; அவர் கோபித்துக்கொள்வார் என்று பயம். மௌனி மட்டும் ஒருமுறை தலையாட்டினார்.

அடுத்த தகராறு வேகத்தில் வந்தது. மச்சானின் முழங்காலில் தேய்மானம். ஸ்டூடியோவில் இருந்த பெரிய ட்ரம்மின் மிதியைப் பழைய வேகத்தில் மிதிக்க முடியவில்லை. 'ஈரச் சுவர்' என்ற பாட்டு. நியாயமாகப் பார்த்தால் பாய்ந்து ஓட வேண்டிய பாட்டு. அவர் வாசித்தபோது அது சாப்பிட்டு முடித்தவன் மாதிரி நடந்து வந்தது. பாதிப் பாட்டில் இடி தன்னை அறியாமல் திரும்பினார். உள்ளங்கை தானாக மேலே எழும்பியது.

ட்ரம்ஸ் நின்றது. மச்சான் குச்சிகளைக் கீழே வைத்தார்.

"சத்தியம் பண்ணினியே."

"பழக்கதோஷம் மச்சான். கை தானா போயிடுச்சு."

"என் காலும் தானா போகும். இந்த ஊர்லயும் கேண்டீன் இருக்கு."

இருவரும் முறைத்துக்கொண்டு நின்றார்கள். ஒலிப்பதிவாளர் ஹெட்ஃபோனைக் கழற்றினார். அப்போதுதான் மௌனி வாயைத் திறந்தார். அந்த வாரத்தில் அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அது.

"ரெண்டு பேரும் மூஞ்சியப் பாக்காம வாசிங்களேன்."

இருவருக்கும் நடுவில் ஒரு கனத்த திரையை இழுத்து விட்டார்கள். இந்தப் பக்கம் இடி, அந்தப் பக்கம் மச்சான். கண்ணுக்கு எதுவும் தெரியாததால் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. பாட்டு நடந்தது. இரண்டாவது சரணம் முடிந்ததும் இடிக்கு அடுத்த வரி மறந்து போனது. சுத்தமாகத் துடைத்து வைத்த மாதிரி. முன்பெல்லாம் என்றால் திரும்பி ஒரு சைகை காட்டியிருப்பார். இப்போது எதிரே திரைதான் இருந்தது. 

பாட்டு வரவில்லை என்பதற்காக மச்சான் நிறுத்தவில்லை. தனியாக வாசித்துக்கொண்டே போனார். முதலில் வழியைத் தேடுகிற மாதிரி, அப்புறம் வழி கிடைத்த மாதிரி. வேகம் கூடவில்லை; கனம் கூடிக்கொண்டே போனது. மழை தூரத்திலிருந்து கூரை கூரையாகத் தாண்டி வருகிற மாதிரி இருந்தது. மௌனி அடியில் ஒரே ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரைக்கு இந்தப் பக்கம் இடி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வரி நினைவுக்கு வந்த பிறகும்கூட உடனே பாடவில்லை. இன்னும் கொஞ்சம் கேட்டுவிட்டுப் பாடினார்.

முடிந்ததும், "இத வெட்டிடலாம்ல?" என்றார் மச்சான், திரைக்கு அப்பாலிருந்து. "நீ மறந்துட்டதனால நான் சும்மா ஓட்டினேன்."

"பாக்கலாம்," என்றார் இடி.

பதிவெல்லாம் முடிந்து, குரலையும் வாத்தியங்களையும் அளந்து கலக்கிற வேலைக்கு இடி மட்டும் ஒரு மத்தியானம் வந்தார். ஒலிப்பதிவாளர் 'ஈரச் சுவர்' பாட்டைப் போட்டுக் காட்டினார். இடியின் குரல் முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. மற்றவையெல்லாம் பின்னால் கைகட்டி நின்றன. அவருடைய எல்லா ஆல்பங்களும் அப்படித்தான் இருக்கும். அவரே அப்படித்தான் கேட்பார்.

"குரலக் கொஞ்சம் இறக்கும்மா."

அவர் இறக்கினார்.

"இன்னும் கொஞ்சம். ட்ரம்ஸ ஏத்து."

"சார், இதுக்கு மேல இறக்குனா நீங்க பக்கத்து ரூம்ல நின்னு பாடுற மாதிரி ஆயிடும்."

"பக்கத்து ரூமுக்குக் கதவு இருக்கும்ல, அது போதும். அந்த நடுப்பகுதி இருக்கே, அதுல ஒரு இம்மிகூட வெட்டாதே."

ஒலிப்பதிவாளர் நாற்காலியைத் திருப்பி அவரைப் பார்த்தார். "நிஜமாவா?"

"நல்லா இருக்கா, இல்லையா?"

"ரொம்ப நல்லா இருக்கு சார்."

"அப்புறம் என்ன? நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாதே. நீயே பண்ணதா இருக்கட்டும்."

அன்று வீட்டுக்கு நடந்தே போனார். மனசு பஞ்சு மாதிரி இருந்தது. பெரிய மனுஷன் ஆகிவிட்ட மாதிரி ஒரு நினைப்பு. வழியில் கண்ட நாய்க்கெல்லாம் பிஸ்கட் போட்டார்.

ஆல்பம் வெளியானது. முதல் விமர்சனத்தை மனைவிதான் சத்தமாகப் படித்தார். 'இடியின் குரலுக்கு வயதாகிவிட்டது, அது அழகாகவே இருக்கிறது. ஆனால் இந்த ஆல்பத்தின் உயிர் ட்ரம்ஸில் இருக்கிறது.'

"பரவாயில்ல, மச்சான் நல்லாத்தானே வாசிச்சிருக்கான்," என்றார் இடி தாராளமாக.

இரண்டாவது விமர்சனமும் ட்ரம்ஸைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. மூன்றாவதில் ட்ரம்ஸுக்கு மூன்று பத்தி, இடிக்கு ஒரு வரி. நான்காவது விமர்சகர் ஒரு படி மேலே போய், 'பாடகர் தன் இடத்தை அறிந்து ஒதுங்கியிருக்கிறார்' என்று எழுதியிருந்தார். இடி அந்தப் பத்திரிகையை மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்தார்.

அதோடு நிற்கவில்லை. 'ஈரச் சுவர்' நடுப்பகுதியை இளைஞர்கள் பென்சிலாலும் கரண்டியாலும் தட்டிப் படம் பிடித்துப் பரப்பினார்கள். டிரைவிங் ஸ்கூலில் கூட்டம் அலைமோதியது. வந்தவர்களில் பாதிப் பேருக்கு ஏற்கனவே லைசென்ஸ் இருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "சார், அந்த இடத்துல இடது கை எப்படிப் போகுது?" என்று கேட்டார்களாம். வானொலிப் பேட்டிக்கு இருவரையும் கூப்பிட்டார்கள். மச்சான் பேச்சுக்குப் பேச்சு 'மச்சான், மச்சான்' என்று இடியைக் கூப்பிட, தொகுப்பாளர் அதையே பிடித்துக்கொண்டு, கூப்பிட்டவரையே 'மச்சான் சார்' ஆக்கிவிட்டார். முக்கால்வாசிக் கேள்வி மச்சான் சாருக்கு. இடியிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "இவ்வளவு பெரிய கலைஞரோட பாடுறது எப்படி இருக்கு?"

வீட்டுக்கு வந்த இடி சோபாவில் போய்ப் படுத்துக்கொண்டார். போன் அடித்தாலும் எடுக்கவில்லை. குளிர்சாதனப் பெட்டியை அடிக்கடி திறந்து, ஒன்றும் எடுக்காமல் மூடினார்.

மனைவிக்கு விஷயம் புரியவில்லை. தம்பிக்குப் பேர் வந்ததில் இவருக்கு வயிற்றெரிச்சல் என்பது வரைக்கும் புரிந்தது, அதனால் கணவர் மேல் கோபம். அந்தச் சமயத்தில் ஒலிப்பதிவாளர் கண் பரிசோதனைக்காகக் கடைக்கு வந்தார். எழுத்துகளைப் படித்து முடித்ததும் மனைவி, "ஒரு விஷயம் கேக்கணும். ட்ரம்ஸ அவ்வளவு தூக்கி வச்சது ஏன்மா? இவர் வீட்ல மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கார்," என்றார்.

ஒலிப்பதிவாளர் தயங்கினார். பிறகு, "அக்கா, சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்," என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் மனைவி கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு வந்து, சோபாவில் கிடந்த கணவரின் எதிரே உட்கார்ந்தார்.

"உங்க குரல இறக்கச் சொன்னது நீங்கதானாமே?"

இடி கூரையைப் பார்த்தார். "அந்தப் பொண்ணு வாயில எதுவும் நிக்காது."

"நீங்களே செஞ்சுட்டு நீங்களே அழுவீங்களா?"

"செய்யும்போது நல்லா இருந்துச்சு," என்றார் இடி. "நிஜமாவே நல்லா இருந்துச்சு. அதுக்கப்புறம் ஊரே அதையே சொல்லும்போது என்னமோ பண்ணுது."

மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே அவர் தலையைப் பிடித்து ஆட்டினார். "தம்பிகிட்ட சொல்லட்டுமா?"

"வேண்டவே வேண்டாம். சொன்னா அவன் வாசிச்சதுக்கு நான் கொடுத்த பரிசு மாதிரி ஆயிடும். அவன் நல்லா வாசிச்சான். அவ்வளவுதான்."

மனைவி சிரிப்பதை நிறுத்தினார். பிறகு எழுந்து போய் அவருக்குப் பிடித்த மாதிரி கெட்டியாகக் காபி போட்டுக்கொண்டு வந்து கொடுத்தார். கல்யாணமான புதிதில் செய்தது, நடுவில் விட்டுப்போயிருந்தது.

ஆல்பத்துக்கான கச்சேரி ஒரு பெரிய அரங்கத்தில் நடந்தது. நரைத்த தலைகளும், நரைத்த மாதிரி சாயம் அடித்துக்கொண்ட இளந்தலைகளும் கலந்து உட்கார்ந்திருந்தன. இடி மேடையேறியபோது நல்ல கைதட்டல். மச்சான் ஏறியபோது கூரை பெயர்ந்தது. "மச்சான்! மச்சான்!" என்று ஒரே கூச்சல். வாழ்க்கையில் முதல்முறையாகக் கூட்டத்தில் இத்தனை பேர் தன்னோடு மச்சான் உறவு கொண்டாடுவதைப் பார்த்து மச்சானுக்கு வெட்கம் வந்து, ஒன்றுக்கும் உதவாத ஒரு திருகாணியை முடுக்குகிற சாக்கில் குனிந்துகொண்டார்.

'ஈரச் சுவர்' வந்தது. இரண்டாவது சரணம் முடிந்து நடுப்பகுதி தொடங்கியதும் இடி மைக்கை விட்டு விலகினார். தண்ணீர் குடிக்கலாம் என்று போனவர், ட்ரம்ஸ் வைத்திருந்த மரப்பலகையின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நாற்பது வருடப் பழக்கத்தில் மச்சான் வாசிப்பதை அவர் முதுகால்தான் கேட்டிருக்கிறார். திரும்பியபோதெல்லாம் குறை சொல்லத்தான் திரும்பினார். இப்போது கைக்கெட்டும் தூரத்தில் பார்த்தார். மச்சான் உதட்டைக் கடித்துக்கொண்டு வாசித்தார். ஒவ்வொரு முறை மிதியை அழுத்தும்போதும் முழங்கால் வலி முகத்தில் ஓடி மறைந்தது. அடுத்த அடி அந்த வலியின் மேலேயே விழுந்தது. அந்தக் கனம் எங்கிருந்து வருகிறது என்று இடிக்கு அப்போது தெரிந்தது. மனசில் இருந்த எரிச்சல் எப்போது போனது என்று அவருக்கே தெரியவில்லை.

பாட வேண்டிய இடம் வந்தது. இடி எழுந்திருக்கவில்லை. மச்சான் ஓரக்கண்ணால் பார்த்தார். மனுஷன் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். மச்சான் அசராமல் இன்னொரு சுற்று வாசித்தார். அதற்கும் அசைவில்லை. மூன்றாவது சுற்றில், "டேய், பாடுடா!" என்று கத்தினார். பக்கத்தில் இருந்த மைக்கில் அது அரங்கம் முழுக்கக் கேட்டது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. இடி துள்ளி எழுந்து, ஓடிப் போய், பாட்டைப் பிடித்தார். குரல் கரகரத்தது, ஒரு இடத்தில் உடைந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை; அவரும்தான்.

மேடைக்குப் பின்னால் மச்சான் முழங்காலில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தூங்கிட்டியா?" என்றார்.

"பாத்துட்டு இருந்தேன்."

"எத?"

"உன்னத்தான். வேற எத?"

 மச்சான் ஐஸ் பையை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகர்த்தினார். பிறகு, "அந்த ரெக்கார்டிங் பொண்ணுக்குக் காது தங்கம் மச்சான். வேற யாரா இருந்தாலும் அந்த நடுப்பகுதிய வெட்டி எறிஞ்சிருப்பாங்க," என்றார்.

"ஆமா. நல்ல பொண்ணு," என்றார் இடி. கதவோரம் நின்றிருந்த மனைவி சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டுக்கு வந்தார். சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அக்கா கொடுத்த காபியைச் சூடு பார்க்காமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார். கடைசியில், "ஒரு பாட்டு எழுதியிருக்கேன்," என்றார்.

இடி நிமிர்ந்து உட்கார்ந்தார். "நீயா? எதப் பத்தி?"

"பக்கத்து வீட்டுப் பூனையப் பத்தி."

"ராக் பாட்டு... பூனையப் பத்தி?"

"ஏன், பூனைக்குக் கோபம் வராதா?"

சிரிப்பதற்குத் தயாராக வாயைக் கோணி வைத்துக்கொண்டு, "சரி, சொல்லு," என்றார் இடி. மச்சான் தொண்டையைச் செருமிக்கொண்டு, மேசை மேல் விரலால் தட்டியபடி சொன்னார்.

"வருவே போவே, பேரு சொல்ல மாட்டே. வாசல்ல நிப்பே, உள்ள வர மாட்டே. பால் வச்சா குடிப்பே, நன்றி சொல்ல மாட்டே..."

இடியின் வாய் நேரானது. சுவரில் சாய்த்து வைத்திருந்த கிட்டாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, முதல் இரண்டு வரியை மெல்லப் பாடிப் பார்த்தார். இன்னொரு முறை பாடினார், கொஞ்சம் கீழே இறக்கி.

"முதல் ரெண்டு வரி நல்லா இருக்கு. பாலத் தூக்கிடு."

"பாலத் தூக்க முடியாது. பால்தான் பாட்டே."

"பால் வந்ததும் பாட்டு தொட்டில்ல போய்ப் படுத்துக்குது மச்சான்."

"பூனைக்குப் பால் வைக்காம, பின்ன பெட்ரோலா வைப்பாங்க?"

"உங்க அக்காவக் கேப்போம்!"

"என்னை இழுக்காதீங்க," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அறைக்கதவு சாத்துகிற சத்தமும் கேட்டது. இருவரும் ஒரு கணம் கதவைப் பார்த்தார்கள். பிறகு மச்சான் மேசையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு தட்ட ஆரம்பித்தார். இடி மூன்றாவது வரியை, பாலோடு, ஒருமுறை பாடிப் பார்த்தார்.